பந்தலில் வண்டின் பங்கு

(சங்க ஆண்டு விழாவில் தோட்டக் குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் காத்திருக்கும் வேளையில் செடி கொடிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நாடகத்தில் நடிப்பவர்கள் திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசிக்கொண்டு பொறுமையின்றி நிற்கிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆயினும், நம் காலனியில் மூன்று ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கை இம்மன்றத்தின் முன் வைக்காமல் இருக்க இயலவில்லை. வழக்கில் வாதி வண்டு, பிரதிவாதிகள் நாம். அதிலும் முதற் பிரதிவாதிகள் தோட்டக் குழுவினராகிய நாங்களே.

தில்லிக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பம் முதலில் அரிசி கிடைக்கும் கடையைத் தேடும். அடுத்து, கையகல மண் கிடைத்தால் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை நடும். பின்பு துளசி, பின்பு முருங்கை, அதன்பின் மல்லிகை. நம் காலனியில் இந்த வரிசை தப்பிய வீடு ஒன்றுகூட இல்லை. பொதுத் தோட்டத்து முருங்கை மரங்களை நட்டவர்கள் நம் முன்னோடிகள். பங்குனி பிறந்தால் அம்மரங்கள் வெள்ளைப் பூக்களால் நிறைந்து நிற்கும். சித்திரையில் வீட்டுக்கு இரண்டு மூன்று காயாவது பங்கு வரும். அந்தக் காயைச் சாம்பாரில் போட்டு, எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்துக்கு ஒரு கிண்ணம் கொடுத்து, அதை எப்படிக் கடித்துச் சக்கையைத் துப்புவது என்று கற்பித்ததும் இக்காலனியின் வரலாற்றில் ஒரு பகுதியே ஆகும்.

2022-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் பூ வந்தது, காய் வரவில்லை. வந்த சிலவும் சூம்பி வளைந்து கிடந்தன. பொதுத் தோட்டத்துப் பூசணிக் கொடியிலோ பிஞ்சுகள் எலுமிச்சை அளவு பருத்தவுடன் மஞ்சளாகி உதிர்ந்தன. உரம் போதவில்லை என்றார் ஒருவர். தண்ணீரில் உப்பு என்றார் மற்றொருவர். கண் பட்டுவிட்டது என்று பூசணிக்கே பூசணி சுற்றிப் போட்டவர்களும் உண்டு. கடைசியில், பொழுது விடியும்போதே எழுந்து, ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவே தேய்த்துப் பார்த்தோம். பூசணிப் பூ விடியலில் மலர்ந்து முற்பகலிலேயே கூம்பிவிடும்; ஆகவே காப்பி குடிக்கவும் நேரமில்லை. நாங்கள் தொட்ட பூக்கள் காய்த்தன, தொடாதவை உதிர்ந்தன. உரமும் உப்பும் காரணமல்ல என்பது அன்று விளங்கிற்று. முப்பதாண்டு அரசாங்கப் பணியில் ஓய்வு பெற்றவர்கள் நால்வர், ஒரு மாத காலம் வண்டின் வேலையைப் பார்த்தோம். ஊதியம் ஏதுமில்லை, ஆனால் அந்த வேலை எத்தனை கடினம் என்பது தெரிந்தது.

அப்படியானால், அதற்கு முன் அவ்வேலையைச் செய்துவந்தவர்கள் எங்கே?

இங்கேதான் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021-இல் பழைய மூங்கில் பந்தலைப் பிரித்துவிட்டு இரும்புப் பந்தல் போட்டோம். பார்வைக்கு அழகாக இருந்தது, எல்லோரும் பாராட்டினீர்கள். ஆனால் அந்தப் பழைய மூங்கில்களில் சுண்டுவிரல் நுழையும் அளவு துளைகள் இருந்ததை நாங்கள் உளுப்பு என்று நினைத்தோம். அவை கருவண்டின் வீடுகள். கட்டைவிரல் பருமனில், கருநீலச் சிறகுடன், விமானம்போல் இரைந்துகொண்டு வருமே, அந்த வண்டுதான். காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் குடைந்து, உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறையிலும் மகரந்த உருண்டை ஒன்றும் முட்டை ஒன்றும் வைக்கும். முருங்கைப் பூவில் மகரந்தத்தை ஒழுங்காகச் சேர்ப்பதில் முதன்மையானது இவ்வண்டே என்று நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சிகள் கூறுகின்றன. பூவின் இதழ்களை விலக்கி உள்ளே புகுவதற்கு அத்தனை பருத்த உடல் வேண்டும். அந்த வண்டினத்தின் ஊரையே பெயர்த்தெடுத்து, கூலி கொடுத்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம்.

இரண்டாவது குற்றம் இதனினும் பெரிது. 2022 மார்ச்சில் தண்ணீர்த் தொட்டியின் அடியில் மலைத்தேனீ கூடு கட்டியது. குழந்தைகள் இருவரைத் தேனீ கொட்டிவிட்டது. பெற்றோரின் அச்சம் நியாயமானது. அதைக் குறை கூறுவாரில்லை. அவசரக் கூட்டம் கூடிற்று. ஆள் பிடித்து, இரவில் தீப்பந்தம் காட்டிக் கூட்டை எரித்துவிடுவதென்று தீர்மானமாயிற்று. அந்தத் தீர்மானத்தில் எங்கள் கையெழுத்தும் இருக்கிறது. மறுநாட் காலையில் தொட்டியின் கீழே கூட்டித் தள்ளிய தேனீக்களைக் கண்டபோது பேச்சே எழவில்லை. மலைத்தேனீ ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதன்று. பருவம் மாறினால் கூட்டை விட்டுவிட்டுத் தானே வேறிடம் பெயர்ந்துபோகும் இனம் அது. தொட்டிப் பக்கம் கயிறு கட்டி, குழந்தைகளை வேறிடத்தில் விளையாடச் சொல்லி, சில வாரங்கள் பொறுத்திருந்தால் போதுமாயிருந்தது. இதை நாங்கள் பிறகுதான் படித்தறிந்தோம்.

ஆகவே வண்டினத்தை மீண்டும் அழைப்பதென்று 2023 மழைக்காலத்தில் முடிவு செய்தோம். மணமுள்ளதாக, ஆண்டுதோறும் நிலைத்திருப்பதாக, நெடுநாள் பூப்பதாக உள்ள செடிகளை நடுவது என்பது திட்டம். இதிலும் முதலில் தவறினோம். நாற்றுப் பண்ணைக்குச் சென்று, பூ எது பெரியதோ, இதழ் எது அடுக்கடுக்காக இருக்கிறதோ, அதையே வாங்கி வந்தோம். கண்ணுக்கு விருந்துதான். தேனீக்களோ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டன. காரணம் எளிது. அடுக்குப் பூவில் மகரந்தம் தரவேண்டிய தாதுக்கள் பெரும்பாலும் இதழ்களாக மாறிவிட்டிருக்கும். பந்தி பெரிது; இலையில் சோறு இல்லை.

நம் உள்ளம் கவர்ந்த குண்டு மல்லிகையும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறது. நாம் வளர்க்கும் குண்டு மல்லி பெரும்பாலும் காய்ப்பதில்லை; விதை கொண்டு அதைப் பெருக்குவாரும் இல்லை. தண்டை வெட்டி நட்டும் பதியன் போட்டும் மனிதர் கைமாறிக் கைமாறி வந்த செடி அது. இராமநாதபுரம் பகுதியில் வேர்விட்ட கன்றுகள் நாட்டின் பல பாகங்களுக்கும் போகின்றன. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் காலனியிலுள்ள குண்டு மல்லிக் கொடிகள் பலவும், விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் ஈரச் சாக்கில் சுற்றி, ரயிலில் இரண்டு இரவுகள் மடியில் வைத்துக் கொண்டுவந்தவையே.

இனி, வாதங்களில் மிகக் கடுமையானதைச் சொல்லவேண்டும். தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும். எங்கள் குழு கூடிப் பேசிக்கொண்டிருந்த ஒருநாள், மூன்றாம் வரிசையில் வசிக்கும் பாட்டி ஒருவர் கையில் பூக்குடலையுடன் வந்து நின்றார். நாங்கள் வண்டு வராததைப் பற்றி விவாதிப்பதைக் கேட்டுவிட்டு, "மொட்டாக இருக்கும்போதே நாம் அத்தனையையும் பறித்துவிடுகிறோம். வண்டு வந்தால் அதற்கு எதைக் காட்டுவது, காம்பையா?" என்று கேட்டார். நாங்கள் நூல்களைப் புரட்டிக் கண்டுபிடிக்காததை, ஐம்பதாண்டு பூத்தொடுத்த கை கண்டுபிடித்துவிட்டது.

எண்ணிப் பாருங்கள். மல்லியும் முல்லையும் மாலையில் மலர்பவை. முல்லைத் திணைக்குச் சிறுபொழுது மாலை என்றும் பெரும்பொழுது கார் என்றும் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. வெண்மையாய்ப் பூத்து, பொழுது சாய்ந்தபின் மணத்தை அவிழ்க்கும் பூக்கள் அழைப்பது பகலில் திரியும் தேனீயையன்று. இரவில் பறக்கும் அந்துப்பூச்சியை. இருளில் நிறத்தால் பயன் குறைவு; ஆகவே மணமே அழைப்பிதழ். நாமோ, மலர்வதற்கு முன்பே, வெயில் தாழ்வதற்குள் மொட்டுகளைப் பறித்து நூலில் கோத்துவிடுகிறோம். அழைப்பிதழ் அச்சாகிறது; அனுப்பப்படுவதில்லை.

பூ வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவா வந்தோம்? அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே எங்களுக்கு இன்றிரவு சோறு கிடைக்காது. குண்டு மல்லியைத் தாராளமாகப் பறியுங்கள். அது தலைக்கும் தெய்வத்துக்கும் என்றே நாம் ஆக்கிக்கொண்ட பூ. முல்லையிலும் ஒற்றை இதழ் வரிசையுள்ள ஜாதிமல்லியிலும் கைக்கு எட்டாத மேற்பந்தலை மட்டும் விட்டுவிடுங்கள். எட்டாததை எட்ட முக்காலி போடுவதில்தான் வம்பு. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். நாம் முக்காலியை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும்.

பறிப்பதா, விடுவதா என்ற தொல்லையே இல்லாத பூ ஒன்று உண்டு. பவழமல்லி. அந்தியில் மலர்ந்து, இரவெல்லாம் மணந்து, பூச்சிகளுக்கு விருந்து வைத்து, தன் வேலை முடிந்ததும் விடியலில் தானே உதிர்ந்துவிடும். கீழே விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்ற விதிக்கு நம் பெரியோர் பவழமல்லியை விலக்காக வைத்தார்கள். வண்டின் பங்கு இரவில். நம் பங்கு காலையில். தில்லியில் ஆவணி முதல் கார்த்திகை வரை பூக்கிறது. வறட்சியைத் தாங்கும்; ஓரளவு நிழலையும் பொறுக்கும். பொதுத் தோட்டத்தில் ஆறு கன்றுகள் நட்டோம், நான்கு பிழைத்தன. அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டு உறங்கப் போங்கள். விடிந்ததும் பூக்கள் அதன்மேல் கிடக்கும்.

நெடுநாள் பூப்பதில் இரங்கூன் மல்லிக்கு ஈடு இங்கே வேறு கொடி இல்லை. இவ்வூரார் மதுமாலதி என்பார்கள். சித்திரையில் தொடங்கி ஐப்பசி வரை கொத்துக் கொத்தாகப் பூக்கும். தில்லியின் அனல் காற்றுக்கு அஞ்சாது. ஒரே கொத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, செம்மை என மூன்று நிறம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மூன்று வகைப் பூவன்று. ஒரே பூவின் மூன்று பருவம். அந்தியில் வெள்ளையாக மலர்ந்து அந்துப்பூச்சியை அழைக்கிறது. மறுநாள் சிவக்கத் தொடங்கிப் பகற்பூச்சிகளுக்குக் காட்சி கொடுக்கிறது. பிறகு முற்றச் சிவக்கிறது. ஒற்றைப் பூ வகையையே கேட்டு வாங்குங்கள். அடுக்கு வகையைப் பண்ணைக்காரர் புகழ்ந்து நீட்டுவார்; கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள்.

துளசியைப் பற்றி ஒரு சொல். கதிர் விட்டால் செடி நீடிக்காது என்று நாம் கதிரைக் கிள்ளிவிடுகிறோம். அது சரியே. ஆனால் வீட்டில் இரண்டு செடி இருந்தால் ஒன்றின் கதிரைக் கிள்ளாமல் விடுங்கள். அதில் நாள் முழுவதும் தேனீ மொய்ப்பதைக் காண்பீர்கள். கையகலத்துக்கு ஒற்றை அடையாகக் கூடு கட்டும் கொம்புத்தேனீ நம் கறிவேப்பிலை மரத்திலும் இருக்கிறது. அது சாதுவான இனம். அதைக் கண்டால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். தீப்பந்தத்துக்குச் சொல்லி அனுப்பாதீர்கள்.

குளிர்காலம்தான் கடினம். மார்கழியிலும் தையிலும் நம் ஊர்ப் பூக்கள் எல்லாம் வாய்மூடிவிடுகின்றன. அப்போது பூப்பது குந்தம் என்னும் மல்லிகையினம். மணம் குறைவுதான், ஆயினும் அந்த மூடுபனியில் வேறு யார் இருக்கிறார்கள்? அத்துடன் சமையலுக்கு விதைத்த கொத்தமல்லியில் ஒரு பாத்தியைப் பறிக்காமல் பூக்கவிடுங்கள். மாசியில் முருங்கை பூக்கத் தொடங்குமுன் தேனீக்கு அதுவே கஞ்சித் தொட்டி. நெடுநாள் பூக்கும் செடி ஒன்றைத் தேடுவதைவிட, ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று தொடங்கும்படி வரிசைப்படுத்துவதே பயன் தருவது என்று அநுபவத்தில் கண்டோம்.

மல்லி வளர்ப்போர்க்கு இரண்டு குறிப்புகள். நம் ஊரில் மார்கழியில் கவாத்து செய்வதைப் பார்த்து இங்கும் அப்படியே வெட்டினால், இளந்துளிர் தில்லிக் குளிரில் கருகிவிடும். மாசி பிறந்தபின் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது நோயன்று; உவர் மண்ணில் இரும்புச் சத்து வேருக்கு எட்டாத குறை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலைமேல் மாதம் ஒருமுறை தெளித்தால் பசுமை திரும்பும்.

பூச்சிகளை அழைத்தால் புழுவும் வரும். இதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. நந்தியாவட்டையிலும் அரளியிலும் விரல் பருமனில் பச்சைப் புழு ஒன்று இலைகளை மொட்டையடிக்கும். தலைக்குப் பின்னால் கண்போன்ற நீலப் புள்ளி இரண்டு இருக்கும். பாம்போ என்று பயந்து அதை நசுக்கியவர்கள் நம்மில் பலர். அந்தப் புழுவே பின்பு பச்சைப் பட்டுப் போர்த்தியதுபோன்ற பெரிய அந்துப்பூச்சியாகி, அந்தியில் மல்லிப் பந்தலின் முன் சிறகடித்து நின்றபடியே, நீண்ட குழல் நாவால் தேன் உறிஞ்சுகிறது. கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவும் அவ்வாறே. அது கறுப்பும் மஞ்சளுமான எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. இலை போகும், மறுபடி துளிர்க்கும். ரசத்துக்குக் கறிவேப்பிலை போதவில்லை என்றால் அடுத்த வீட்டில் கேளுங்கள். அதற்குத்தானே காலனி!

தில்லியின் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், புகைக் காற்றிலிருந்து இரவில் உண்டாகும் நைட்ரேட் வேதிப்பொருள் பூவின் மணத்தையே சிதைக்கிறது என்று கண்டார்கள். அவ்வாறு சிதைந்த மணத்தை நாடி வந்த அந்துப்பூச்சிகளின் வருகை 70 விழுக்காடு குறைந்ததாம். பாலைவனப் பகுதிப் பூ ஒன்றில் செய்த சோதனை அது. ஆனால் வண்டிப்புகை மிகுந்த நகரில் வாழும் நாம் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? காற்றை நாம் ஒருவராய்த் தூய்மை செய்ய இயலாது. மணம் நெடுந்தொலைவு போகாதென்றால் செடிகளை நெருக்கி வைக்கலாமன்றோ? ஆகவேதான் வீட்டுக்கொன்றாகச் சிதறி நடாமல், வரிசை வீடுகள் அனைத்தும் சேர்ந்து ஒரே ஓரமாகக் கொடி ஏற்றுங்கள் என்கிறோம். விளக்கும் அப்படியே. 2017-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வொன்றில், செயற்கை விளக்கு வெளிச்சம் பட்ட இடங்களில் இரவுப் பூச்சிகள் பூக்களுக்கு வருவது 62 விழுக்காடு குறைந்திருந்தது. வாயிற்படி விளக்கு இருக்கட்டும். பந்தலுக்குள் சுற்றியிருக்கும் அலங்கார விளக்குகளைத் தீபாவளியோடு கழற்றிவிடலாம்.

கொசு மருந்தைப் பற்றி வீண்வாதம் செய்யமாட்டோம். டெங்குக் காய்ச்சல் விளையாட்டன்று. தேங்கிய நீரைக் கவிழ்ப்பதில் நம் காலனி முதலாவதாக நிற்கட்டும். நம் கையால் செடிகளுக்குத் தெளிக்கும் மருந்தையாவது, பூத்திருக்கும் செடிமேல் தெளிக்காமல் இருப்போம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். இரும்புப் பந்தலின் பின்புறம் பழைய மூங்கில் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டோம். முதலாண்டு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு இரண்டு துண்டுகளில் துளை விழுந்தது. கீழே மரத்தூள் சிந்தியிருந்ததைப் பார்த்து, பேரன் பிறந்த செய்திபோல் வீடு வீடாகச் சொன்னோம். 2025 சித்திரையில் முருங்கையில் காய் இறங்கியது. முன்போல் வீட்டுக்கு மூன்று இல்லை, ஒன்றுதான். பூசணிக்கு இன்னும் நாங்களே பாதி வேலை பார்க்கிறோம். மலைத்தேனீ அந்தத் தொட்டிக்குத் திரும்பவில்லை.

அது திரும்பினால் என்ன செய்வது என்பதை இன்றே முடிவு செய்துகொள்ள வேண்டும். அச்சத்தின் நடுவில் கூடும் கூட்டத்தில் நல்ல தீர்மானம் வராது என்பதை 2022-இல் கண்டுவிட்டோம். கூடு கட்டினால் கயிறு கட்டி இடத்தை அடைப்பது, பத்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பது, உண்மையிலேயே ஆபத்தென்றால் கூட்டைப் பெயர்த்து வேறிடம் கொண்டு செல்லத் தெரிந்தவரை அழைப்பது, எரிப்பதில்லை. இத்தீர்மானத்தை நாளைய பொதுக்குழுவில் முன்மொழிகிறோம். தேனீ கொட்டிய அந்தக் குழந்தைகளின் தந்தையே வழிமொழிய இசைந்திருக்கிறார்.

இது ஆவணி மாதம். கொம்பு நட்டால் வேர்விடும் காலம். முல்லை, ஒற்றை இரங்கூன் மல்லி ஆகியவற்றின் தண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, மேடைக்கு வலப்புறம் வைத்திருக்கிறோம். பவழமல்லிக் கன்றுகள் பன்னிரண்டே உள்ளன. மண் தரையுள்ள வீடுகளுக்கு முதலிடம். மூங்கில் துண்டுகளும் அங்கேயே இருக்கின்றன. நாடகம் முடிந்தபின் எடுத்துக்கொள்ளலாம். இடைவேளையில் எடுத்தால் ஈரம் நாற்காலியில் சொட்டும், சங்கச் செயலாளர் எங்களைத்தான் கடிந்துகொள்வார்.